கடைசி பெஞ்சுக்குத் தசமப் புள்ளி தெரிகிறதா?

ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடத்திக்கொண்டிருந்தேன். நானே தட்டச்சு செய்த பயிற்சித்தாளை மடிக்கணினியிலிருந்து வகுப்பறைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்து, முதல் கணக்கைப் படிக்கச் சொன்னேன். ஒரு தட்டின் விட்டம் 12.5 செ.மீ.; சுற்றளவு என்ன? கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "மிஸ், 125 செ.மீ. தட்டுல எப்படி மிஸ் சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும்தான். "புள்ளியப் பாத்துப் படிம்மா" என்று சொல்லி உட்கார வைத்தேன்.

மாலையில் நோட்டுகளைத் திருத்தும்போது சிரிப்பு போய்விட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஏழு பேர் 125 என்றே எடுத்து, பெருக்கலில் பிழையில்லாமல் விடை எழுதியிருந்தார்கள். ஏழு நோட்டிலும் 'கவனக்குறைவு' என்று நான் எழுதியிருந்தேன்.

மறுநாள் அதே தாளில் இருந்த வட்டத்தைக் காட்டியபோது முன் பெஞ்சுப் பையன் ஒருவன், "வட்டம் முட்டை மாதிரி இருக்கு மிஸ்" என்றான். கரும்பலகை அளவுகோலை எடுத்துவந்து திரையின் மேல் வைத்து அளந்தோம். உயரம் 30 செ.மீ., அகலம் 40 செ.மீ. ஆரங்கள் எல்லாம் சமம் என்று சொல்லிக்கொடுக்கும் பாடத்தில், திரையில் இருந்தது ஒரு நீள்வட்டம்.

இதற்குக் காரணம் நான்தான். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று போன ஆண்டு மடிக்கணினியின் ரெசல்யூஷனை 1024×768 என்று குறைத்து வைத்திருந்தேன். அப்படியே மறந்துவிட்டேன். தொடக்கப் பள்ளிகளிலேயே 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் வந்துவிட்ட மாநிலத்தில், இந்தத் தவற்றைச் செய்தவள் நான் ஒருத்தியாக மட்டும் இருக்க மாட்டேன் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ரெசல்யூஷன் என்பதைத் தெளிவுத்திறன் என்று தமிழில் எழுதுகிறார்கள். கோலம் போட்டவர்களுக்கு இது புதிய விஷயமில்லை. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஜனவரியில் கோலப் போட்டி நடக்கும்போது போய்ப் பாருங்கள். கோடு இழுப்பதற்கு முன் வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். தொலைக்காட்சித் திரையும் ஒரு புள்ளிக் கட்டம்தான். தொழிற்சாலையில் எத்தனை புள்ளி வைத்தார்களோ அத்தனைதான்; பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது. 'ஃபுல் எச்டி' என்று பெட்டியில் போட்டிருந்தால் குறுக்கே 1920, நெடுக்கே 1080. மொத்தம் 20,73,600 புள்ளிகள். '4கே' என்றால் 3840×2160, அதாவது அதைப் போல் நான்கு மடங்கு. 'எச்டி ரெடி' என்று விற்கும் 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் 1366×768 மட்டுமே.

மடிக்கணினி அனுப்பும் படமும் ஒரு புள்ளிக் கட்டம். இரண்டு கட்டமும் ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் போய் உட்காரும். இல்லாவிட்டால்? 15 புள்ளிக் கோலத்தை 21 புள்ளி வைத்த வாசலில் போடச் சொன்னால் என்ன செய்வோமோ அதையே தொலைக்காட்சியும் செய்கிறது: சில இடத்தில் ஒரு புள்ளியை இரண்டாக்கும், சில இடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு சாம்பல் நிறத்தைப் பூசிச் சமாளிக்கும். படம் முழுக்க வரும், ஆனால் விளிம்புகள் கரைந்திருக்கும். என் வகுப்பில் 1024 என்பது 1920 ஆக, அதாவது 1.875 மடங்கு குறுக்கே இழுபட்டது. 768 என்பது 1080 ஆக, 1.406 மடங்கு நெடுக்கே. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.33. முப்பது செ.மீ. நாற்பது ஆன கணக்கு இதுதான். இதையே விகிதப் பாடத்துக்கு எடுத்துக்காட்டாக அந்த வகுப்பில் பயன்படுத்தினேன்.

ஆகவே முதல் வேலை, உங்கள் தொலைக்காட்சிக்குள் எத்தனை புள்ளி என்று தெரிந்துகொள்வது. பெட்டியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கைப்பேசியில் தேடினாலே போதும். இரண்டாவது, மடிக்கணினியும் அதையே அனுப்புமாறு வைப்பது. விண்டோஸில் வெற்றுத்திரையில் வலது சொடுக்கு, டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதில் டிஸ்ப்ளே ரெசல்யூஷன். எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இணைத்திருந்தால் தொலைக்காட்சியே தன் அளவை மடிக்கணினிக்குச் சொல்லிவிடும். பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் அந்த அளவுதான்.

நம்மில் பலர் இடறி விழும் படி ஒன்று இதற்கு நடுவில் இருக்கிறது. கேபிளைச் செருகியதும் மடிக்கணினித் திரையும் தொலைக்காட்சியும் ஒரே படத்தைக் காட்டுகின்றன. இதற்கு 'டூப்ளிகேட்' என்று பெயர். நம் கைகளில் உள்ள மடிக்கணினிகள் பலவற்றின் சொந்தத் திரை 1366×768. டூப்ளிகேட் முறையில் இரண்டு திரைக்கும் ஒரே அளவு என்பதால், ஃபுல் எச்டி தொலைக்காட்சிக்கும் 1366×768 படமே போய்ச் சேரும். முட்டை வடிவம் வராது, ஆனால் எழுத்து மங்கும். விண்டோஸ் விசையுடன் பி எழுத்தை அழுத்தினால் வரும் பட்டியலில் 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தொலைக்காட்சி தன் முழு அளவில் வேலை செய்யும். மடிக்கணினித் திரை அணைந்துவிடும், பயப்பட வேண்டாம். 'எக்ஸ்டெண்ட்' இன்னும் நல்லது: பாடம் தொலைக்காட்சியில், உங்கள் குறிப்பும் வருகைப்பதிவும் மடிக்கணினியில். பழகுவதற்கு ஒரு வாரம் ஆகும். முதல் இரண்டு நாள் எனக்கு மவுஸ் அம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

தொலைக்காட்சி பக்கமும் ஒரு அமைப்பைப் பார்க்க வேண்டும். கணினியின் கீழ்ப்பட்டை பாதி மறைந்தோ, எக்செல் தாளின் முதல் வரிசை காணாமலோ போகிறதா? இது பழைய குழல் தொலைக்காட்சிக் காலத்து வழக்கம். அந்தத் திரைகளில் படத்தின் ஓரங்கள் ஒழுங்காக நிற்காது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள். இன்றைய தட்டைத் திரைக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் பல பெட்டிகள் அதையே செய்கின்றன. பெரிதாக்கும்போது மறுபடியும் புள்ளிகள் இடம் மாறும், எழுத்து மங்கும். ரிமோட்டில் படத்தின் அளவு என்ற பகுதிக்குப் போனால் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஃபுல் பிக்சல்' என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் அதை நிறுத்தும் வழி இருக்கும். சில பெட்டிகளில் அந்த எச்டிஎம்ஐ இணைப்புக்கு 'பிசி' என்று பெயர் வைத்தாலே போதும், வண்ண எழுத்தின் விளிம்பும் சேர்ந்து தெளிவாகிவிடும். நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடையாறு பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் இவ்வளவையும் அறிவியல் ஆசிரியரின் துணையோடு ஒரு சனிக்கிழமை செய்து முடித்தோம். 1920×1080. வட்டம் வட்டமானது, அளவுகோலை வைத்து அளந்தால் இரண்டு பக்கமும் சமம். முன் பெஞ்சிலிருந்து பார்க்க எழுத்து அச்சடித்ததுபோல் இருந்தது. திங்கட்கிழமை அந்த மாணவியிடம் அதே தாளைக் காட்டி, "இப்பப் படிம்மா" என்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "நூத்தி இருபத்தஞ்சு மிஸ்."

நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். புள்ளி எனக்கும் தெரியவில்லை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்க எனக்கு ஒரு இரவு ஆயிற்று. கண் மருத்துவமனையில் எழுத்து வரிசைகள் கொண்ட அட்டையைப் படிக்கச் சொல்வார்கள் அல்லவா, அதை 1862இல் உருவாக்கியவர் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். குறையில்லாத கண், அதாவது 6/6 பார்வை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம் இடைவெளி இருந்தால் இரண்டு பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்தறியும் என்பதே அதன் அடிப்படை. எங்கள் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி. திரையிலிருந்து கடைசி பெஞ்சு 5 மீட்டர். அந்தத் தொலைவில் அந்தக் கோணம் 1.45 மி.மீ. நீளத்துக்குச் சமம். திரையில் இதைவிடச் சிறியதாக இருக்கும் எதையும் கடைசி பெஞ்சு நம்பிப் படிக்க முடியாது.

எங்களுடையது 43 அங்குலத் திரை; அகலம் ஏறத்தாழ 95 செ.மீ., உயரம் 53.5 செ.மீ. ஏ4 தாளின் முழுப் பக்கத்தையும் அதன் உயரத்துக்குள் அடக்கினால் படம் 1.8 மடங்குதான் பெரிதாகிறது. 12 பாயிண்ட் எழுத்து அச்சில் 4.2 மி.மீ. என்றால் திரையில் 7.6 மி.மீ. புள்ளியின் அகலம் எழுத்தின் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால் முக்கால் மில்லிமீட்டர். தேவை 1.45, இருப்பது 0.76. ரெசல்யூஷனை 4கே ஆக்கினாலும் அந்தப் புள்ளி முக்கால் மில்லிமீட்டரிலேயே நிற்கும். இன்னும் கூர்மையாக நிற்கும், அவ்வளவுதான். 'கவனக்குறைவு' என்று ஏழு நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் கையொப்பமிட்டேன்.

ரெசல்யூஷன் வேறு, எழுத்தின் அளவு வேறு. நான் ஒன்றைக் கெடுத்து மற்றொன்றைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறேன். எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். அதே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'ஸ்கேல்' என்று ஒன்று இருக்கிறது. 100 விழுக்காட்டை 150 அல்லது 175 ஆக்குங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, எழுத்து மட்டும் வளரும். பிடிஎஃப் தாளைப் பக்கம் பக்கமாகக் காட்டாமல் தாளின் அகலம் திரையின் அகலத்துக்கு வரும்படி வைத்தால் நாலரை மடங்கு, புள்ளி 1.9 மி.மீ. ஆகிவிடும். எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறது. ஒரு கணக்கை மட்டும் திரை நிறையக் காட்டினால் கவலையே இல்லை.

பவர்பாயிண்ட் பயன்படுத்துவோருக்கு ஒரு நல்ல செய்தி, இந்தக் கணக்கைப் போடும்போது தற்செயலாகக் கிடைத்தது. ஸ்லைடின் உயரம் ஏழரை அங்குலம், அதாவது 540 பாயிண்ட். 43 அங்குலத் திரையின் உயரம் 535 மி.மீ. ஆக முழுத்திரையில் ஓடும்போது ஒரு பாயிண்ட் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 36 பாயிண்ட் எழுத்து வைத்தால் புள்ளி மூன்றரை மி.மீ. வரும், 5 மீட்டரிலிருந்து எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். நான் 36க்குக் கீழே இப்போது போவதில்லை. ஒரு ஸ்லைடில் எட்டு வரிக்கு மேல் கொள்ளாது. கொள்ளாவிட்டால் இரண்டாகப் பிரிக்கிறேன்.

தசமப் புள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். தமிழாசிரியர்களும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இதைவிடக் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். 'பல்' என்பதில் புள்ளி மறைந்தால் 'பல'. 'எரி' என்பதற்கும் 'ஏரி' என்பதற்கும் கீழே ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. 'பெட்டி', 'பேட்டி' இரண்டையும் கொம்பின் சுழிதான் பிரிக்கிறது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையம் போன்ற இடங்களில் சுவடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படிக்கிறவர் இடம் நோக்கி, பொருள் நோக்கிப் புள்ளியை மனத்தில் வைத்துக்கொள்வார். அவர் பண்டிதர். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் இரண்டாம் வகுப்புப் பிள்ளை எப்படி மனத்தில் வைத்துக்கொள்ளும்?

காணொலிகளுக்கு வருவோம். இங்கே நான் சொல்வது சிலருக்கு உவப்பாக இருக்காது: வகுப்பறைக்கு 4கே அநேகமாக வீண். 43 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மி.மீ. 1.7 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தால் புள்ளிகளைக் கண்ணால் பிரிக்கவே முடியாது. அதற்குப் பின்னால் உள்ள பிள்ளைக்கு 4கே திரையும் ஃபுல் எச்டி திரையும் ஒன்றுதான். உஸ்மான் சாலைக் கடையில் பார்க்கும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதே என்றால், அங்கே நாம் கையெட்டும் தூரத்தில் நின்று பார்க்கிறோம். அதே பணத்துக்கு 4கே சிறிய திரையா, ஃபுல் எச்டி பெரிய திரையா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேள்வி வந்தால் நான் பெரிய திரைக்குக் கை தூக்குவேன். ஏற்கெனவே 4கே பெட்டி இருக்கிறதா? நல்லதுதான். பழைய மடிக்கணினியின் எச்டிஎம்ஐ 1.4 வழி 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்ப முடியும்; மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். அப்படி இருந்தால் தயங்காமல் 1920×1080, 60 ஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள். 2160 என்பது 1080இன் சரியாக இரண்டு மடங்கு. ஒரு புள்ளிக்கு நான்கு புள்ளி என்று கணக்கு நேராகப் பொருந்துவதால் இழப்பு குறைவு.

இணைய வேகம் குறைந்த பள்ளிகளில் காணொலியை 1080பி வைத்து நடுநடுவே சுற்றிக்கொண்டு நிற்க விடுவதைவிட 720பி மேல். இதே 43 அங்குலத் திரையில் இரண்டரை மீட்டருக்கு அப்பால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் 360பி வேண்டாம், காணொலியில் கரும்பலகையோ வரைபடமோ வந்தால் எழுத்து கூழாகிவிடும். இங்கே மடிக்கணினியின் ரெசல்யூஷனைக் கூட்டுவதால் ஒரு பயனும் இல்லை. பதிவில் இல்லாத புள்ளியை எந்தக் கேபிளாலும் கொண்டுவர முடியாது. கிண்டி ஐஐடியின் பெயர் பெற்ற என்பிடெல் விரிவுரைகளில் தொடக்க காலத்தவை 4:3 சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை அகலத்திரை முழுக்க இழுத்தால் பேராசிரியரும் அகலமாவார், பலகையில் அவர் வரையும் வட்டமும் அகலமாகும். இரண்டு ஓரமும் கறுப்பாக இருக்கட்டும், விட்டுவிடுங்கள்.

செட்டாப் பாக்ஸ் வைத்திருக்கும் பள்ளிகள் ஒன்றை மட்டும் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய நம் கல்வித் தொலைக்காட்சியை, பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட கேபிளில் இணைத்துத்தான் இன்னும் சில பள்ளிகளில் பார்க்கிறோம். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தின் அதே 625 வரி முறைதான் அந்தக் கேபிளுக்குள் ஓடுகிறது. அதில் படத்துக்கு உரியவை 576 வரிகள். 2006இல் வீடு வீடாக வந்த 14 அங்குல இலவசத் தொலைக்காட்சிக்கு அது தாராளம். 43 அங்குலத்துக்குப் போதாது. பாக்ஸில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். ரிச்சி தெருவில் விலை உயர்ந்த கேபிள்தான் வேண்டும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்; இரண்டு மூன்று மீட்டருக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும்.

1366×768 பெட்டி வைத்திருப்போருக்குத்தான் நேரான வழி இல்லை. பட்டியலில் அந்த எண்ணோ 1360×768 என்பதோ இருந்தால் அதைப் போடுங்கள். பல பெட்டிகள் எச்டிஎம்ஐ வழியாக 720, 1080 மட்டுமே ஏற்கும். இரண்டையும் போட்டு, எதில் எழுத்து நன்றாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்ப்பதற்கு நான் ஒரு சோதனை ஸ்லைடு செய்து வைத்திருக்கிறேன். நான்கு ஓரத்திலும் ஒட்டி ஒரு மெல்லிய கட்டம், நடுவில் ஒரு வட்டம், ஒரு சதுரம், கீழே 12.5, 1.25, 125 என்று மூன்று எண். எரி, ஏரி, பெட்டி, பேட்டி, பல், பல என்று ஆறு சொல். கட்டம் நான்கு பக்கமும் தெரிந்தால் ஓரம் வெட்டுப்படவில்லை. வட்டத்தை அளவுகோல் பார்த்துக்கொள்ளும். மற்றதைக் கடைசி பெஞ்சு படித்துச் சொல்லும்.

திரையைச் சரிசெய்து எழுத்தையும் பெரிதாக்கிய பிறகு அந்த ஸ்லைடை எங்கள் வகுப்பில் அனைவரும் படித்தார்கள், நடு வரிசைப் பையன் ஒருவனைத் தவிர. அந்த ஏழு பேரில் அவன் இல்லை; பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பார்த்தே அதுவரை எழுதி வந்திருக்கிறான். கண்ணொளி காப்போம் திட்டத்தில் பரிசோதனைக்கு அனுப்பினோம். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான். திரை மங்கலாக இருந்தவரை அவனுடைய கண்ணை நான் கவனிக்க வழியே இருக்கவில்லை.

தொலைக்காட்சியின் பின்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்: 1920×1080, 60 ஹெர்ட்ஸ், ஸ்கேல் 150, எக்ஸ்டெண்ட், இணைப்பின் பெயர் பிசி, எழுத்து 36க்குக் குறையாமல். அடுத்து அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியர் யாராக இருந்தாலும் மடிக்கணினியைச் செருகியதும் இதைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.